மூன்றரை வயது மகளுக்கு ‘அ’ எழுத வரவில்லை. கவலைப்பட வேண்டுமா?

எல்கேஜி மிஸ் “வீட்டில் எழுத வையுங்கள்” என்றதும் பயந்திருக்கிறீர்கள். பயம் வேண்டாம், கை இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

பிறக்கும்போது மணிக்கட்டின் 8 எலும்புகளும் வெறும் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக, பல வருடங்களில்தான் இறுகுகின்றன. படம் போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. பார்த்து வட்டம் போட 3 வயதில் வரும். கூட்டல் குறி 4 வயதுவாக்கில், சதுரம் அதற்கும் பிறகு, முக்கோணம் 5 வயதையொட்டி. சாய்கோடு அவ்வளவு கடினம்! இப்போது ‘அ’வைப் பாருங்கள்: சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்க்கோடு. ஒரு வட்டத்தையே இப்போதுதான் மூடக் கற்ற குழந்தையிடம் இதைக் கேட்பது நியாயமே இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கைகூட ஒன்றாம் வகுப்பை 6 வயதில்தான் வைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? சப்பாத்தி மாவு உருட்டட்டும், பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், மணி கோக்கட்டும். விரல் வலு அங்கேதான் வருகிறது. அப்புறம், தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத விடுங்கள். திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் முதலில் எழுதினார்கள், எனக்கு மிகப் பிடித்த முறை அது. இடது கையில் எழுதினால் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

ஸ்பூன் பிடிக்கவே திணறினாலோ, ஒரு கையை மட்டும் பயன்படுத்தாமல் ஒதுக்கினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.