பதில்: கோலாலம்பூர் செந்தூல் கோயில் நிலம் கைமாறிவிட்டது, இரவில் உடைக்க வருவார்களாமே?

செயலாளர் ஐயா, வணக்கம். வாட்ஸ்அப்பில் வரும் "இன்றிரவு உடைக்கிறார்கள், எல்லாரும் வாங்க" செய்தியை முதலில் நிறுத்துங்கள். 2018 நவம்பர் 26 அதிகாலை சுபாங் ஜெயா சீஃபீல்டு கோயிலுக்குள் ஆட்கள் புகுந்ததும் கூட்டம் திரண்டு கலவரமானது. தீயணைப்பு வீரர் ஒருவர் காயப்பட்டு, டிசம்பரில் இறந்தார். வதந்தி வந்த கையோடு ஸ்கிரீன்ஷாட்டுடன் போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள். இரவுக் காவலுக்கு நாலைந்து பேர் போதும், வாசலில் ஒரு கேமரா. இளைஞர்கள் கையில் கட்டை, கம்பு கூடவே கூடாது.

அடுத்து, லோட் எண்ணோடு (மனை எண்) நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி', அதாவது அதிகாரபூர்வ நிலப் பதிவு விவரம், எடுங்கள். நிலம் யார் பெயரில், கேவியட் (கைமாற்றத்துக்குத் தடைப் பதிவு) உண்டா என்று தெரியும். "60 வருடமாக இருக்கிறோம்" என்பது உரிமையாகாது. மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தில் அரசு நிலத்துக்கு 48ஆம் பிரிவும் தனியார் நிலத்துக்கு 341ஆம் பிரிவும் அதற்கு இடம் தரவில்லை. பல நிர்வாகங்கள் தோற்பது இந்த நம்பிக்கையால்தான்.

உரிமையாளர் நீதிமன்ற விதிகளின் ஆர்டர் 89-இல் (அனுமதியின்றி இருப்பவர்களிடமிருந்து நிலத்தை மீட்கும் சுருக்க வழக்கு) போட்டால் விசாரணை சாட்சிகள் இல்லாமல், அஃபிடவிட்டிலேயே (எழுத்து மூலச் சத்தியவாக்குமூலம்) வேகமாக முடியும். நோட்டீசை மேசையில் போட்டுவைக்காமல் அன்றே வழக்கறிஞரிடம் கொடுங்கள். மாற்று நிலம், பாலாலயத்துக்கான (தற்காலிகச் சன்னதி) அவகாசம், இடமாற்றச் செலவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி மூலவரை நகர்த்தவே வேண்டாம்.