முதல் நாள் முதல் காட்சிக்கு டர்பனிலிருந்து டிக்கெட் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. தையல் ஃபேக்டரியில் முப்பது வருடம் மெஷினில் உட்கார்ந்தவள். இப்போது சாட்ஸ்வொர்த்தில் மகளோடு இருக்கிறேன். நடிகர் விக்ரம் என்றால் எனக்கு உயிர். அவர் அடுத்து என்ன படம், யார் டைரக்டர், எப்போது ரிலீஸ் என்று தினமும் போனில் தேடுவேன். முழங்கால் ஆபரேஷனுக்கு முன் திருத்தணிக்கு வருவதாக வேண்டிக்கொண்டேன். அந்தப் பயணத்திலேயே சென்னையில் அவர் படத்தை முதல் நாள் பார்த்துவிட ஆசை. ‘தங்கலான்’ ஜனவரியில் வருகிறது என்றதும் டிக்கெட் போட்டேன். படம் தள்ளிப்போனது. டிக்கெட் தேதியை மாற்றப்போய் 4,000 ராண்ட் போச்சு, கடைசியில் ஊருக்கும் போகவில்லை. சமையலறை காலண்டரில் ரிலீஸ் தேதியை எழுதி எழுதி அழித்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது. மகள், “இந்த வயசில் என்னம்மா கூத்து” என்கிறாள். அடுத்த படத்துக்குத் தேதி சொன்னால் டிக்கெட் போடலாமா?

பதில்: அக்கா, வயது விஷயத்தை முதலில் தள்ளி வைப்போம். என் அம்மா கிரே ஸ்ட்ரீட் ஷாஜகான் தியேட்டரில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசுவார். அவரை யாரும் வயது கேட்கவில்லை. ஒரே வித்தியாசம், அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். அடுத்து என்ன நடிக்கிறார் என்றே தெரியாது. 1946இல் இந்தியா நம் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்ட பிறகு, படங்கள் சுற்றி வளைத்துத்தான் இங்கே வந்தன. படம் வந்தால் வந்தது. நமக்கு பூஜை போட்ட அன்றே ஃபோட்டோ வந்துவிடுகிறது. அங்கேதான் வம்பு.

டிக்கெட் போடலாமா என்றால், ரிலீஸ் தேதியை நம்பிப் போடவே கூடாது. ‘தங்கலான்’ கதையையே பாருங்கள். ஜனவரி 26 என்றார்கள், பிறகு ஏப்ரல் என்றார்கள், வந்தது 2024 ஆகஸ்ட் 15. ‘துருவ நட்சத்திரம்’ இதைவிட மோசம். 2017இல் படப்பிடிப்பு தொடங்கிய படம். 2023 நவம்பர் 24 என்று தேதி போட்டு, முந்தின நாள் வரை நம்ப வைத்து, விடிந்தபோது இல்லை என்று ஆகிவிட்டது.

ஏன் இப்படி? படம் எடுத்து முடிந்தாலும் அது தயாரிப்பாளர் கையில் முழுசாக இருக்காது. வட்டிக்குப் பணம் கொடுத்தவர், உரிமையை முன்கூட்டி வாங்கியவர் என்று பலருக்கு அதில் பாத்தியதை உண்டு. முன்பெல்லாம் ஃபிலிம் லேபிலிருந்து ‘லேப் லெட்டர்’ வாங்கி ஃபைனான்சியர் பத்திரமாக வைத்துக்கொள்வார். அவர் சரி என்று சொல்லாமல் ஃபிலிம் பெட்டி லேபை விட்டு நகராது. இப்போது பெட்டி கிடையாது. படம் தியேட்டருக்குப் பூட்டியபடியே போய்ச் சேர்ந்துவிடும். திறக்கிற டிஜிட்டல் சாவிக்கு கே.டி.எம். என்று பெயர். பாக்கி தீராவிட்டால் சாவி வராது. தியேட்டரில் படம் இருக்கும், திரையில் இருக்காது.

விக்ரமின் ‘வீர தீர சூரன்’ ரிலீஸ் அன்று நானே பட்டேன். 2025 மார்ச் 27. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணி, நமக்கு விடியற்காலை ஐந்தரை. தேநீர் போட்டு வைத்துக்கொண்டு, சென்னையில் இருக்கும் அண்ணன் மகனுக்கு போன் அடித்தேன். “அத்தை, கேட்டே திறக்கலை” என்றான். படத்தில் பணம் போட்ட ஒரு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. பேசித் தீர்த்து மாலையில்தான் காட்சி ஓடியது. உள்ளூரில் இருந்தவனுக்கு அரை நாள் லீவு போச்சு. நீங்கள் துபாய் வழியாகப் போய் இறங்கி, அந்த கேட் முன்னால் ஆபரேஷன் செய்த காலோடு நின்றிருந்தால்?

செய்தி தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எதைக் காலண்டரில் ஏற்றுவது என்று ஒரு கணக்கு வேண்டும். ஃபர்ஸ்ட் லுக், டீசர் எல்லாம் ஆசைக்கு. டப்பிங் பேசி முடித்தார் என்றால் கொஞ்சம் நம்பலாம். சென்சார் சான்றிதழ் வாங்கி, சென்னை தியேட்டர்களில் புக்கிங்கும் திறந்துவிட்டால் பென்சிலை எடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம். இன்னொன்று, விக்ரம் படத்துக்குப் படம் உடம்பையே மாற்றுகிற ஆள். தாடியும் தலைமுடியும் எந்தப் படத்துக்கு உரியவை என்று பார்த்தாலே வேலை எங்கே நிற்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 4,000 ராண்ட் இல்லை. படம் தள்ளிப்போனதால் திருத்தணியும் தள்ளிப்போனதே, அதுதான். முருகன் ரிலீஸ் தேதியை மாற்றவில்லையே அக்கா! அவருக்கு ஆடிக் கிருத்திகை வருடா வருடம் வருகிறது. ஜூலை நடுவுக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில் விழும். பஞ்சாங்கம் பார்த்து அதற்கு டிக்கெட் போடுங்கள். சென்னையிலிருந்து மின்சார ரயிலிலேயே திருத்தணி போய்விடலாம். படி 365. அதில் ஏற வேண்டாம், மேலே வரை ரோடு இருக்கிறது, ஆட்டோ போகும். கிருத்திகை அன்று கூட்டம் நெரியும், ஒரு நாள் முன்னப் பின்னப் போனாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்புகிற டிக்கெட்டை ஆகஸ்ட் 15 தாண்டிப் போடுங்கள். விடுமுறை நாள், பெரிய படம் ஏதாவது வரப் பார்க்கும். உங்கள் ஆள் படமாக இருந்தால் யோகம். இல்லாவிட்டால் வேறு யார் படத்துக்காவது போய் உட்கார்ந்து, சென்னை தியேட்டர் விசில் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அவர் படம் அப்புறம் வந்தால் இங்கே சன்கோஸ்ட் தியேட்டரில் போடுகிறார்களா என்று பாருங்கள். இல்லை என்றாலும் தமிழ்ப் படங்கள் பல சில வாரங்களில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. சப்டைட்டில் இருக்கும், மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் ‘சேது’வைப் போட்டுக் காட்டுங்கள். 1990இலேயே நடிக்க வந்தவர், 1999 டிசம்பரில் அந்தப் படம் வெளியாகும்வரை ஊருக்குத் தெரியாத ஆளாகத்தான் இருந்தார். அதையும் வாங்க ஆளில்லாமல் வெகுநாள் கிடப்பில் போட்டிருந்தார்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் கூத்து என்று சொல்கிறாளா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.