பூட்டிய வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி

கேள்வி: ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். மெயினை அணைத்தால் போதுமா?

பதில்: போதாது. இணைப்பில் இருக்கும் இன்வெர்ட்டர், பேட்டரியின் சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். சார்ஜ் இறங்கிய பேட்டரியின் உள்தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிட்டால், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரைவது கடினம். நல்ல பேட்டரிகள் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

கிளம்பும் முன் முழு சார்ஜ் ஏற்றி, பேட்டரியில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையின் குறி வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின், முதலில் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையைத் துடைத்து வாசலின் தடவுங்கள்.

கழற்றினாலும் தானாகவே சார்ஜ் இறங்கும், வெக்கையில் இன்னும் வேகமாக. இரண்டு மாதத்துக்கொருமுறை யாரையாவது மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே முழு சார்ஜ் ஏற்ற வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்து.