பேட்டரி மாத்தினா காரோட கம்ப்யூட்டர் ஏன் 'ரெடி இல்ல'ன்னு காட்டுது?

நம்ம ரெயூனியன்ல 4 வருஷம் தாண்டுன காருக்கு 2 வருஷத்துக்கு ஒருதடவ கோந்த்ரோல் தெக்னீக் (கட்டாய வண்டி பரிசோதனை) உண்டுல்ல, அதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டினா ஓபிடி கம்ப்யூட்டர் (வண்டி தன்னைத்தானே செக் பண்ணிக்கிற கம்ப்யூட்டர்) புகை சம்பந்தமா ஏற்கனவே பாத்து முடிச்ச செக்கிங்கெல்லாம் அழிஞ்சிடும். ஆக்சிஜன் சென்சார் (புகைல ஆக்சிஜன் எவ்ளோன்னு அளக்கறது), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைய சுத்தம் பண்றது) இதெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு வண்டி ஓடும்போதுதான் அது பாத்துக்கும், பாத்து முடிச்சாதான் 'ரெடி'. மார்க் ஷீட்ட கிழிச்சிட்டு பாஸ்னு சொல்ல முடியாதே, மறுபடி பரீட்சை எழுதணும், அவ்ளோதான்.

ராத்திரி பூரா நிறுத்தி வெச்சு காலைல குளிர்ந்த எஞ்சினோட கெளம்பி கொஞ்சம் ஊருக்குள்ள, அப்புறம் தமரின் ரோட் மாதிரி பெரிய ஹைவேல ஒரே வேகத்துல சீரா ஓட்டுங்க, சிலாவோஸ் மலை ரோட்டு வளைவுல ஏறி எறங்கினா (அழகுதான், ஆனா) அந்த செக்கிங் முடியாது. பழைய வண்டிக்கு சில நாள் கூட ஆகலாம்.

செக் எஞ்சின் லைட் எரியலைன்னா எல்லாம் ரெடின்னு நெனைக்காதீங்க, கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட் (fault code) அழிச்சாலும் லைட் அணையும்.