லயத்து வீடும் லினக்ஸும்

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. என் மடிக்கணினிக்கு ஒன்பது வயது. விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். வேகத்துக்குக் குறையில்லை. ஆனால் பழைய தேர்வுத்தாள்களைத் திறந்தால் வரியும் பக்கமும் மாறிக் கிடக்கின்றன. பிரிண்டர் அசைய மாட்டேன் என்கிறது. தமிழ் மெனுவில் ஒற்றுப்பிழை வேறு. இலவசப் பொருளின் தரம் இவ்வளவுதானா? உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறட்டுமா, இல்லை கடன் பட்டாவது புதுக் கணினி வாங்கிவிடட்டுமா?

அன்புள்ள டீச்சர்,

கடன் வேண்டாம். உபுண்டுவும் வேண்டாம். மின்ட் அதன் மேல் கட்டியதுதான், இங்கே மக்கர் பண்ணும் பிரிண்டர் பெரும்பாலும் அங்கேயும் மக்கர் பண்ணும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வீட்டுக் கூரையிலிருந்து இறங்கி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படிப் பக்கம் தகரம் ஒழுகுகிறது. ஆள் கூப்பிட வேண்டியதுதானே என்று மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது, அதனால்தான் ஏறினேன்.

நாங்கள் லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், இருந்தபோது கூரை ஒழுகினால் அப்பா தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணியிடம் சொல்வார். ஒரு வாரம் கழித்தாவது தோட்டத்துத் தச்சர் வருவார். காசு கிடையாது. ஆனால் சுவரில் சாமிப் படத்துக்கு ஓர் ஆணி கூடுதலாக அடிக்கவும் கேட்க வேண்டும். எனக்குப் பதினான்கு வயதில் தோட்டம் கைமாறியது. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மலாயில் கடிதம் வந்தது. அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். முப்பது வருசம் இருந்த வீடு. அப்புறம் தாமானில், வெளிக் குடியிருப்பில், ஒரு மலிவு விலை வீடு வாங்கினோம். முதல் மழையிலேயே அடுப்படி ஒழுகியது. அப்பா இரண்டு நாள் வாசலில் நின்றார். யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கினார்.

விண்டோஸ் லயத்து வீடு, லினக்ஸ் தாமான் வீடு, டீச்சர். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்குப் பராமரிப்பு முடிந்தது. உங்கள் கணினி கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸர் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் மைக்ரோசாஃப்ட் விதி வைத்தார், அவ்வளவுதான். கொஞ்ச காலம் நீட்டிப்பும் அறிவித்தார்கள், தச்சர் இன்னும் சில மாதம் வருவார் என்பதுபோல. அதை விடுங்கள்.

என்னைக் கோபப்படுத்தியது 'இலவசப் பொருள்' என்ற சொல். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 5 ரிங்கிட்டுக்குத் திருட்டு விண்டோஸ் வட்டு வாங்கிய ஊர் நம்முடையது. நானும்தான் வாங்கினேன். அப்போது யாரும் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்க நிரலாளர் ஸ்டால்மன் 1983இல், புது இயங்குதளம் ஒன்றைக் கட்ட, குனு திட்டத்தை அறிவித்தபோது கேட்டது உரிமையை: பிரித்துப் பார்க்க, திருத்த, பிறருக்குக் கொடுக்க. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டபோது, இதைக் காசுக்கு விற்கக் கூடாது என்றுதான் நிபந்தனை போட்டார். அடுத்த வருசமே அதை எடுத்துவிட்டு ஸ்டால்மனின் உரிமத்துக்கு மாறினார். விற்றுக்கொள், ஆனால் பூட்டாதே என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் காசில்லாததற்கும் பூட்டில்லாததற்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல் இருப்பதால் அவர்கள் குழம்புகிறார்கள். தமிழில் 'கட்டற்ற' என்று அழகான சொல் இருக்கிறது. தமிழாசிரியை நீங்களே 'இலவசம்' என்று எழுதலாமா?

சரி, கூரை ஒழுகத்தான் செய்கிறது. நன்றாகவே ஒழுகுகிறது. எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன நிரல் உண்டு, கோப்புகளைச் சுருக்குவது. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். பல வருசம் ஒரே மனிதர், சம்பளம் இல்லாமல், உடம்பும் மனசும் சோர்ந்த நிலையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று ஆளாளுக்கு அவரை நச்சரித்தார்கள். உதவுகிறேன் என்று ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு வருசத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, சாவியை வாங்கி, வெளியாள் ரகசியமாக நுழைய அதில் ஒரு திருட்டுவாசல் வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர், தன் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் அது பிடிபட்டது. அப்போது அவருக்குச் சம்பளம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட், அது வேறு கதை. மூலநிரல் திறந்திருந்ததால்தான் தோண்ட முடிந்தது என்று நம் ஆட்கள் மார்தட்டுகிறார்கள். அந்தச் சோர்ந்த மனிதருக்கு அத்தனை வருசம் யார் ஏணி பிடித்தார்கள்? நானும் பிடிக்கவில்லை.

தேர்வுத்தாள் விஷயம் சின்னது. நீங்கள் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்திருப்பீர்கள். இரண்டும் மைக்ரோசாஃப்ட்டின் எழுத்துருக்கள், லினக்ஸோடு வராது. வேறு எழுத்துரு வந்து உட்காரும்போது அகலம் மாறி வரி உடைகிறது. இனி நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற கட்டற்ற எழுத்துருவில் அடியுங்கள், மற்றவர்களுக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பாக அனுப்புங்கள். பழைய தாள்களை உட்கார்ந்து சரிசெய்யத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

ஒற்றுப்பிழை அப்படியல்ல. அந்த மெனுவைத் தமிழாக்கியவர் யாரோ, இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து செய்திருப்பார், வல்லினம் மிகுமா மிகாதா என்று கேட்கப் பக்கத்தில் உங்களைப் போல ஒருவர் இல்லாமல். மின்ட்டின் மொழிபெயர்ப்புகள் லாஞ்ச்பேட் என்ற இணையதளத்தில் திறந்தே கிடக்கின்றன. கணக்குத் திறந்து திருத்தத்தை எழுதிப் போடலாம். விண்டோஸ் மெனுவில் பிழை கண்டு நீங்கள் யாருக்காவது எழுதியதுண்டா? இதற்கு மட்டும் எனக்குக் கடிதம்! மாணவன் நோட்டில் ஒற்று விட்டுப்போனால் சிவப்பு மை எடுக்காமல் விடுவீர்களா? இங்கேயும் எடுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைக்காதீர்கள். உங்கள் மகனுக்கு என் அன்பு. பாதி வேலையை அவன் முடித்துவிட்டான்.

பிரிண்டர் என்ன மாடல் என்று நீங்கள் எழுதவே இல்லையே?