மூளைக் கட்டி திரும்ப வருமா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு க்ளையோபிளாஸ்டோமா. "முழுசா எடுத்தாச்சு" என்றார் சர்ஜன். அப்புறம் எதற்கு ரேடியேஷனும் மாத்திரையும்?

பதில்: அவர் சொன்னது உண்மைதான், அம்மா. ஸ்கேனில் தெரிந்த அத்தனையும் எடுத்திருப்பார். ஆனால் மூளையின் துணைச் செல்களில் உருவாகும் க்ளையோமா கட்டிகளில் மிக வேகமாக வளரும் வகை இது. இந்தக் கட்டிக்கு வரப்பு கிடையாது. செல்கள் நரம்பிழைகளைப் பிடித்துக்கொண்டு நல்ல மூளைக்குள் ஊர்ந்துபோயிருக்கும். 1928-இல் வால்டர் டேண்டி என்ற சர்ஜன், க்ளையோமா இருந்த சிலருக்கு வலது பக்கப் பெருமூளையையே எடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் கட்டி திரும்பியது. கத்தி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2005-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 2 ஆண்டு தாண்டியவர்கள் 100-க்கு 10 பேர். டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துக்கொண்டவர்களில் 26 பேர். முழுக் குணம் இல்லைதான். ஆனாலும் அந்தக் கூடுதல் 16 பேருக்காகவே இந்தச் சிகிச்சையை நான் வற்புறுத்துவேன்.

கேள்வி: எனக்கு மெனிஞ்சியோமா, கேன்சர் இல்லையாம். அதுவுமா திரும்பும்?

பதில்: திரும்பலாம், மெதுவாக. இது மூளையைச் சுற்றிய உறையில் முளைப்பது. ஒட்டியிருந்த உறையையும் எலும்பையும் சேர்த்து எடுக்க முடிந்ததா என்பதைப் பொறுத்தது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் என்றால், கண் நரம்பைக் காப்பாற்ற ஒரு துண்டை வேண்டுமென்றே விடுவதுண்டு. அதைக் குறையாக நினைக்காதீர்கள். 10 ஆண்டு கழித்தும் வரக்கூடும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஸ்கேனை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு க்ளையோமா. ரேடியேஷன் முடிந்து 2 மாதம். ஸ்கேனில் பெரிதாகத் தெரிகிறதாம். வீட்டில் யாரும் தூங்கவில்லை.

பதில்: உடனே முடிவுக்கு வராதீர்கள். முதல் 3 மாதங்களில் கதிர்வீச்சால் ஏற்படும் வீக்கமும் கட்டி வளர்ந்தது போலவே தெரியும். பலருக்கு அது தானாக வடியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுக்கலாமா, சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். புதிதாக வலிப்போ கைகால் பலவீனமோ வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, மெதுவாக வளரும் மூளைக் கட்டியாம். முழுதும் எடுத்துவிட்டார்கள். திரும்புமா?

பதில்: நல்ல செய்தி. முழுதும் எடுத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. செக்கப்பை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: செக்கப்புக்கு எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

பதில்: பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, ஆபரேஷன் முடிந்து 3 நாளுக்குள் எடுத்த எம்ஆர்ஐ. இந்த எம்ஆர்ஐ கைவசம் இல்லாவிட்டால், அடுத்த ஸ்கேனில் தெரிவது மிச்சமா, புது வளர்ச்சியா என்று பிரித்துச் சொல்வது கடினம்.