சம்பளமே இல்லாத ஆட்டத்தில் பத்துப் பதக்கம்

கேள்வி: நம் ஊரில் அதிகம் பேர் கேள்விப்படாத, ஆனால் நீங்கள் மனதார வியக்கும் விளையாட்டு வீரர் யார்?

எனக்கு ஹென்றி ஷெஃப்லின். அயர்லாந்தின் கில்கென்னி கவுண்டிக்காக (நம் மாவட்டம் போல) ஹர்லிங் ஆடியவர்.

ஹர்லிங் தெரியாதவர்களுக்கு: அணிக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய தட்டையான மட்டை, ஆடுவது சின்னத் தோல் பந்து. குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்தை அனுப்பினால் 1 புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் 3. முக்கியமான விஷயம், யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினில் க்ரோக் பார்க் அரங்கம் 80,000 பேரால் நிரம்பி வழியும். ஆடியவர்கள் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அவரவர் வேலைக்குப் போவார்கள். ஷெஃப்லினும் வங்கியில் வேலை பார்த்தபடியேதான் ஆடினார்.

2000 முதல் 2014 வரை, கவுண்டி அணிகள் மோதும் உச்சப் போட்டியான அகில அயர்லாந்தில் 10 பதக்கங்கள் வென்றார். அவருக்கு முன் யாரும் பத்தை எட்டியதில்லை. ஆண்டின் சிறந்த வீரர் விருது 2002, 2006, 2012 என மூன்று முறை. ஆனால் நான் அவரை நினைக்கும்போது முதலில் வருவது அவர் தோற்ற ஒரு ஆட்டம்.

2010இல் கில்கென்னி தொடர்ந்து ஐந்தாவது கோப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அரையிறுதியில் அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. இறுதிப் போட்டிக்கு நான்கே வாரம். அவரால் ஓட முடிகிறதா என்று பார்க்கவே ஊரில் பயிற்சித் திடலுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இறுதிப் போட்டியில் இறங்கினார். கால் மணி நேரம்கூட முடியவில்லை, கால் தாங்காமல் வெளியே வந்தார். எதிரணியான டிப்பரேரி கவுண்டி வென்றது.

வயது 31. அத்தோடு முடிந்தது என்று யாரும் சொல்லியிருக்கலாம். அடுத்த ஆண்டே திரும்பி வந்தார், கில்கென்னி அதே டிப்பரேரியை இறுதிப் போட்டியில் வென்றது. 2012இல் கால்வே கவுண்டியுடன் இறுதி ஆட்டம் சமனில் முடிந்தது. கடைசி நிமிடங்களில் ஸ்கோர் சமமாக இருக்கும்போது பெனால்டி கிடைத்தது. எல்லோரும் வலையை எதிர்பார்க்க, அவர் நிதானமாகக் கம்பத்துக்கு மேலே தட்டி ஒரு புள்ளி எடுத்தார். கால்வே மறுபடி சமன் செய்ததால் அந்த முடிவை இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவுதான். கோட்டில் மட்டையோடு தடுக்க ஆள் நிற்கும்போது கிடைப்பதை எடுப்பதே நல்லது. மறு ஆட்டத்தில் கில்கென்னி 3-22க்கு 3-11 என்று வென்றது (முதல் எண் வலைக்குள் அடித்த கோல்கள், அடுத்தது ஒற்றைப் புள்ளிகள்). 33 வயதில் மூன்றாவது முறையாக ஆண்டின் சிறந்த வீரர்!

2015 மார்ச்சில், சொந்த ஊர் கிளப்பான பாலிஹேல் ஷாம்ராக்ஸுக்காக அகில அயர்லாந்துக் கிளப் கோப்பை வென்ற சில நாளிலேயே கவுண்டி அணியிலிருந்து விடைபெற்றார். அப்புறம் அதே கிளப்புக்குப் பயிற்சியாளராகி 2019, 2020 இரண்டிலும் அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2007இல் அவர்தான் கேப்டன். அந்தக் கோடையில் அணியின் கோல்கீப்பருடைய மனைவி சாலை விபத்தில் இறந்திருந்தார். இறுதிப் போட்டியின் பாதியிலேயே முழங்கால் காயத்தால் ஷெஃப்லின் வெளியேறினார், அணி வென்றது. கோப்பையை வாங்கப் போகும்போது தாயை இழந்த அந்தக் கோல்கீப்பரின் சிறு மகனையும் மேடைக்குக் கூட்டிப் போனார். இருவரும் சேர்ந்துதான் அதைத் தூக்கினார்கள்.